ஹீமோஃபீலியா குடும்பத்துப் பெண்களின் இரத்தத்தையும் சோதியுங்கள்: குமரி மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்கள்,
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்கள், ஆசாரிப்பள்ளம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இரத்தம் உறைவதில் பரம்பரைக் குறையான ஹீமோஃபீலியா உள்ள ஆண் ஒருவர் நம் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் (இரத்தத்தை உறையவைக்கும் புரதம்) மருந்துக்காகப் பதிவு செய்துகொள்ளும்போதே, அவருடைய தாய், சகோதரிகள், மகள்கள், தாயுடன் பிறந்த பெண்கள், அவர்களின் பெண்மக்கள் ஆகியோரின் பெயர்களும் ஒரு குடும்ப வரைபடத்தில் குறிக்கப்பட்டு, அவர்களுக்கும் ஃபேக்டர் அளவுப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை. நான் கல்குளம் வட்டத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. என் அண்ணனுக்குக் கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளது. என் அம்மாவும் நானும் என் தங்கையும் அதே மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்கள். எங்கள் மூவரில் இருவருக்கு ஃபேக்டர் 8 அளவு இயல்பைவிடக் குறைவு. அண்ணனுக்கு நோய் தெரிந்தது அவர் தவழும் வயதில். எங்களுக்குத் தெரிந்ததோ, தங்கையின் முதல் பிரசவம் முடிந்து வெகுகாலம் கழித்து. இந்த இடைவெளியைப் பற்றித்தான் தங்களிடம் பேச விரும்புகிறேன்.

மாவட்டத்தில் எத்தனை பேருக்காக இந்த ஏற்பாடு என்ற கேள்வி எழுவது இயல்பு. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. ஏறக்குறையப் பாதிப் பேர் ஆண்கள். ஒரு லட்சம் ஆண்களில் சுமார் 17 பேருக்கு ஃபேக்டர் 8 குறையும் ஹீமோஃபீலியா ஏ-வும், சுமார் 4 பேருக்கு ஃபேக்டர் 9 குறையும் ஹீமோஃபீலியா பி-யும் இருக்கும் என்பது 2019இல் வெளிவந்த பன்னாட்டுக் கணிப்பு. அந்த விகிதத்தை நம் மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால் 190 பேரை ஒட்டி வருகிறது. ஒரு மாவட்ட நிர்வாகம் பெயர் பெயராக அறிந்து வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கைதான் இது. அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பெண்களைச் சேர்த்தாலும் சில நூறு குடும்பங்களுக்கு மேல் போகாது.

ஃபேக்டர் 8, ஃபேக்டர் 9 இரண்டையும் உருவாக்கும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு அது ஒன்றே ஒன்று. ஆகவே அதில் பழுது இருந்தால் நோய் வெளிப்பட்டே தீரும். பெண்ணுக்கு இரண்டு உண்டு. பழுதான ஒன்றைச் சுமக்கும் தாயிடமிருந்து அது ஒவ்வொரு குழந்தைக்கும் போய்ச்சேர இரண்டில் ஒன்று வாய்ப்பு. நோயுள்ள தந்தையின் மகன்களுக்கு அவர் வழியே நோய் வராது, மகள்கள் அத்தனை பேரும் சுமப்பவர்களாவார்கள். நோயுள்ளோரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் அந்த நோய் இருந்திருப்பதில்லை. மரபணு மாற்றம் புதிதாகத் தோன்றியிருக்கும். மற்ற மூன்றில் இரு பங்கினரின் குடும்பங்களிலாவது அடுத்த குழந்தை பிறக்கும் முன்பே ஆபத்தை அறிந்துகொள்ள வழி இருக்கிறது. அந்த வழி வீட்டுப் பெண்களின் இரத்தத்தைச் சோதிப்பதிலிருந்து தொடங்குகிறது.

பெண்கள் இந்த நோயைக் கடத்துவார்களே தவிர அவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம்மூரில் மருத்துவம் படித்தவர்களிடமும் படியாதவர்களிடமும் ஒரே அளவில் வேரூன்றி இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றது அடங்கிவிடும். எந்தப் பெண்ணிடம் நல்லது அதிகம் அடங்கியது, எந்தப் பெண்ணிடம் பழுதானது அதிகம் அடங்கியது என்பது தற்செயல். ஆகவே சுமக்கும் பெண்களின் ஃபேக்டர் அளவு சராசரியில் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், தனித்தனியே பார்த்தால் ஒருவருக்கு 90, இன்னொருவருக்கு 20 என்று வெகுவாக வேறுபடும். சுமார் மூன்றில் ஒருவருக்கு அது 40 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. அத்தகைய பெண்களை ஹீமோஃபீலியா நோயாளிகள் என்றே குறிப்பிட வேண்டும் என்று இரத்த உறைவு ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 2021இல் பரிந்துரைத்தது. ஓர் ஆணுக்கு 20 சதவீதம் இருந்தால் லேசான ஹீமோஃபீலியா என்று எழுதிக் கையில் அட்டை கொடுத்து, அவருடைய தங்கைக்கு அதே 20 இருந்தால் ‘கேரியர், பயப்பட வேண்டாம்’ என்று அனுப்பிவிடும் வழக்கம் இனியும் தொடர வேண்டியதில்லை.

என் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய நாளில் பஞ்சு மாற்றி மாற்றி வைத்தும் இரத்தம் நிற்கவில்லை. விடிந்தபோது தலையணை உறை நனைந்து கனத்துக் கிடந்தது. மறுபடி அழைத்துச் சென்றபோது தையல் போட்டு, ‘சூடான காப்பி குடித்தீர்களா?’ என்று கேட்டார்கள். மகனுக்கு ஹீமோஃபீலியா என்று அம்மா சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அம்மாவின் தங்கை அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மாதவிலக்கு நாட்களில் அவர் வேலைக்குப் போவதே இல்லை. சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வீட்டில் பழைய சேலையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். இரத்தசோகை என்று ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தின்றார். இரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் ‘நம்ம வீட்டுப் பெண்களுக்கு இப்படித்தான்’ என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கமாக இருந்தது. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை விலை மலிந்தது. காரணம் தெரிந்திருந்தால் அதைக் கொண்டே அவருடைய பாதித் துன்பத்தைத் தீர்த்திருக்கலாம்.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். பல் பிடுங்குவதற்கும் அறுவை சிகிச்சைக்கும் முன்னால் நம் மாவட்டத்தில் இன்றும் பரவலாக எழுதப்படுவது பிளீடிங் டைம், க்ளாட்டிங் டைம் என்ற இரட்டைச் சோதனை. விரல் நுனியைக் குத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளால் ஒற்றி, கறை விழாமல் போகும் நேரத்தைக் குறிப்பார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை ஏற்றிச் சிறிது சிறிதாக ஒடித்து, உடைந்த இரு துண்டுகளுக்கும் நடுவே நூலிழை தெரியும் நேரத்தைக் குறிப்பார்கள். குத்திய ஆழத்துக்கும், விரலின் சூட்டுக்கும், பார்ப்பவரின் பொறுமைக்கும் ஏற்ப விடை மாறும் சோதனை இது. ஃபேக்டர் மிகக் கடுமையாகக் குறைந்தவர்களிடம்தான் க்ளாட்டிங் டைம் நீளும். 20 அல்லது 30 சதவீதம் ஃபேக்டர் உள்ள பெண்ணுக்கு இரண்டும் ‘நார்மல்’ என்றே வரும். அந்த ஒரு சொல்லை நம்பி அவர் கத்தியின் கீழே படுக்கிறார். ஹீமோஃபீலியா குடும்பத்துப் பெண்களைப் பொறுத்தவரை இந்த இரட்டைச் சோதனையால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்று நான் கருதுகிறேன், ஏனெனில் அது இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டுகிறது.

அதற்கு அடுத்த படியில் உள்ளவை, பிளாஸ்மா (இரத்த அணுக்கள் நீங்கிய திரவம்) உறைய எடுக்கும் நேரத்தை ஆய்வகத்தில் அளக்கும் புரோத்ராம்பின் நேரம், ஏ.பி.டி.டி. என்ற இரண்டு சோதனைகள். ஃபேக்டர் 8, 9, 11 குறைந்தால் ஏ.பி.டி.டி. நீளும்; ஃபேக்டர் 7 மட்டும் குறைந்தால் புரோத்ராம்பின் நேரம் மட்டும் நீளும். நீண்ட ஏ.பி.டி.டி. வந்தால் நோயாளியின் பிளாஸ்மாவோடு இயல்பான பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து மறுபடி பார்க்க வேண்டும். நேரம் சரியானால் ஏதோ ஒரு ஃபேக்டர் குறைவு, சரியாகாவிட்டால் ஃபேக்டரை எதிர்க்கும் பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். இவை நல்ல சோதனைகள்தாம். ஆனால் ஏ.பி.டி.டி.யும் லேசான குறைவைப் பல வேளைகளில் காட்டாது. மறுபுறத்தில், ஃபேக்டர் 12 குறைந்தவருக்கு அது வெகுவாக நீண்டு எல்லாரையும் பதறவைத்தாலும் அவருக்கு இரத்தப்போக்கே இருக்காது. ஃபேக்டர் 13 அறவே இல்லாத குழந்தைக்கோ, தொப்புள்கொடி விழுந்த இடத்திலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதும் இந்த இரண்டு சோதனைகளும் இயல்பாகவே இருக்கும். உறைந்த கட்டி யூரியாக் கரைசலில் கரைகிறதா என்று தனியே பார்த்தால்தான் தெரியும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில், இரு பக்கப் பெற்றோரிடமிருந்தும் வந்து சேரும் இத்தகைய அரிய குறைபாடுகளுக்கு வாய்ப்பு கூடுதல். எனவே ஹீமோஃபீலியா குடும்பத்துப் பெண்ணுக்குக் கேட்கப்பட வேண்டியது, அவர் வீட்டு ஆணுக்கு எந்த ஃபேக்டர் குறைவோ அந்த ஃபேக்டரின் அளவு. சுற்றிவளைத்துச் செய்யும் வேறு சோதனைகள் அதற்கு ஈடாகா.

அந்த அளவும் எடுக்கும் முறையில் எடுத்தால்தான் பயன் தரும். நீல மூடி போட்ட குழாயில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு இரத்தம் என்பது கணக்கு. 0.3 மில்லி திரவம் உள்ள குழாயில் 2.7 மில்லி இரத்தம் கோடு வரை நிறைய வேண்டும். நரம்பு கிடைக்காமல் பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால் சிட்ரேட் மிகுந்து, நல்ல இரத்தமும் உறையாத இரத்தம் போலக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த பிறகு அதே ஊசியால் நீல மூடிக்கு மாற்றினால் அதன் மருந்து ஒட்டிக்கொண்டு வந்து விடையைக் கெடுக்கும். நீல மூடிதான் முதலில் நிறைய வேண்டும். இரத்தம் எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துச் சோதிக்க வேண்டும், அல்லது பிரித்து உறையவைக்க வேண்டும். அதுவரை குழாய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். பிரிக்காத இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்தால் ஃபேக்டர் 8 அளவும் அதைத் தாங்கி நிற்கும் வான் வில்லிபிராண்ட் ஃபேக்டரின் அளவும் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மாவட்டத்தில் ஒரு தனியார் சேகரிப்பு மையத்தில் என் தங்கையிடம் எடுத்த இரத்தத்தை, சர்க்கரை, தைராய்டு குழாய்களோடு சேர்த்து ஒரே ஐஸ் பெட்டியில் போட்டு, மாலை வண்டிக்கு அனுப்பியதை நான் அருகில் நின்று பார்த்தேன். நீலக் குழாயில் இரத்தம் கோட்டுக்கு விரற்கடை கீழே நின்றது. சேகரித்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வந்த அறிக்கையில் எண் இருந்தது, முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது என்று பிறகு வேறோர் ஊரில் இரத்தநோய் மருத்துவர் சொல்லி மறுபடி எடுத்தார். கொல்லங்கோட்டிலிருந்தும் அருமனையிலிருந்தும் குழாய்களை வெயிலில் நாகர்கோவிலுக்கு அனுப்புவதைவிட, மாதத்தில் ஒரு நாளைக் குறித்து அப்பெண்களையே ஆசாரிப்பள்ளத்துக்கு வரச்சொல்லி, அங்கேயே இரத்தம் எடுத்து, உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து இருமுறை தெளியவைத்து, அங்கேயே சோதிப்பதோ, ஒரே நாளில் சேர்ந்த அத்தனை மாதிரிகளையும் உறைந்த நிலையில் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவதோ நல்ல வழியாகும். எங்கே சோதித்தாலும் அந்த ஆய்வகம், வேலூர் சி.எம்.சி. இரத்த உறைவு ஆய்வகங்களுக்காக நடத்திவரும் வெளித் தரமதிப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைக்கலாம். ஒரே மாதிரியை நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பி, யாருடைய விடை விலகி நிற்கிறது என்று காட்டும் ஏற்பாடு அது.

வான் வில்லிபிராண்ட் ஃபேக்டரில் உள்ள குறையால் இரத்தப்போக்கு ஏற்படும் வான் வில்லிபிராண்ட் நோயைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1926இல் ஃபின்லாந்தின் ஓலந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து எரிக் வான் வில்லிபிராண்ட் இதை விவரித்தார். அந்தக் குடும்பத்துச் சிறுமி தன் பதின்பருவத் தொடக்கத்தில் மாதவிலக்கு இரத்தப்போக்கினாலேயே இறந்துபோனாள். இந்த நோய் ஆண் பெண் இருபாலருக்கும் வரும். அந்த ஃபேக்டரின் அளவு மன அழுத்தத்திலும், காய்ச்சலிலும், கர்ப்பத்திலும் கூடும். ‘ஓ’ வகை இரத்தம் உள்ளவர்களுக்கு இயல்பாகவே கால்பங்கு அளவு குறைவாக இருக்கும். ஒருமுறை இயல்பாக வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடாமல், அறிகுறி தொடர்ந்தால் மறுபடி பார்க்க வேண்டிய சோதனை இது. பூப்பெய்திய முதல் மாதங்களிலேயே இரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகும் மாணவிகளை எங்கள் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள், ஹார்மோன் மாத்திரை கொடுக்கிறார்கள். உறைவுச் சோதனை எழுதுபவர்கள் அரிது.

மேலே சொன்ன அத்தனையிலும் அவசரமானது காலம். கர்ப்பம் முதிர முதிர ஃபேக்டர் 8 அளவு தானாகவே உயர்ந்து, குறைந்திருந்தவருக்கும் இயல்பை எட்டிவிடக்கூடும். பிரசவம் முடிந்ததும் அது மறுபடி இறங்கும். ஆகவே எட்டாம் மாதத்தில் முதன்முதலாகச் சோதித்து ‘ஃபேக்டர் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதில், அன்றைய பிரசவத்துக்கு ஓரளவு ஆறுதல் உண்டே தவிர, அவர் சுமப்பவரா இல்லையா என்பதற்கு விடை இல்லை. அளவு இறங்கும் நாட்களில்தான், அதாவது வீட்டுக்கு வந்து பத்தியச் சோறு சாப்பிடும் நாட்களில்தான், தாமதமான இரத்தப்போக்கு ஏற்படுகிறது. என் தங்கைக்கு நேர்ந்தது அதுதான். ஃபேக்டர் 9 அவ்வாறு உயர்வதில்லை என்பதால் ஹீமோஃபீலியா பி குடும்பத்துப் பெண்களுக்குப் பிரசவ நேரத்து ஆபத்து இன்னும் நேரடியானது. இந்தச் சோதனையைத் திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்துக்கு முன்போ, தவறினால் கர்ப்பத்தின் தொடக்கத்திலோ செய்துவிட வேண்டும்.

குழந்தையின் பக்கத்தையும் பாருங்கள். கடுமையான ஹீமோஃபீலியாவோடு பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 அல்லது 4 பேருக்குப் பிறப்பை ஒட்டி மூளையில் இரத்தம் கசிகிறது. வெற்றிட உறிஞ்சியும் இடுக்கியும் அந்த ஆபத்தைக் கூட்டுபவை. தாய் சுமப்பவர் என்று தெரிந்திருந்தால் அந்தக் கருவிகளைத் தவிர்க்கலாம். பிறந்தவுடன் தொப்புள்கொடியிலிருந்தே இரத்தம் எடுத்து ஃபேக்டர் 8 பார்க்கலாம். முடிவு தெரியும்வரை தசை ஊசிகளைத் தள்ளி வைக்கலாம். ஃபேக்டர் 9 மட்டும் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்குமே குறைவாக இருக்கும் என்பதால், லேசான குறைவு வந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதற்கெல்லாம் தேவைப்படும் ஒரே முன்னறிவு, கர்ப்பிணி பதிவு செய்யும்போது கேட்கப்படும் ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியும் பிக்மி என்ற பதிவு எண் பெறுகிறார். கிராம சுகாதார செவிலியர் அவர் வீட்டுக்கே வருகிறார். ‘உன் அம்மா வழியில் காயம் பட்டால் இரத்தம் நிற்காத ஆண் யாராவது உண்டா, மூட்டு வீங்கி முடங்கியவர் உண்டா, சிறுவயதில் இரத்தம் போய் இறந்தவர் உண்டா?’ என்று அவர் கேட்டு, உண்டு என்றால் சிவப்பு மையில் குறித்து ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்பும் வழக்கம் வர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களின் பயிற்சியிலும் இந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது.

ஃபேக்டர் அளவு இயல்பாக இருந்தாலும் ஒரு பெண் சுமப்பவராக இருக்கலாம். அதை உறுதி செய்வது மரபணுச் சோதனை. இங்கு ஒரு நடைமுறை நுணுக்கம் இருக்கிறது: முதலில் நோயுள்ள ஆணின் இரத்தத்தில் எந்த மாற்றம் என்று கண்டுபிடித்துவிட்டால், பெண்களிடம் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், நேரமும் செலவும் வெகுவாகக் குறையும். கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் நூற்றுக்கு 40 முதல் 45 பேருக்கு, ஃபேக்டர் 8 மரபணுவின் 22ஆம் இன்ட்ரான் பகுதியில் நேரும் ஒரே வகைத் திருப்பமே காரணம் என்பதால் அங்கிருந்து தொடங்கலாம். நோயுள்ள ஆண் இறந்துவிட்டால் இந்த வசதியும் அவரோடு போய்விடுகிறது. எங்கள் தாய்மாமன் ஒருவர் சிறுவயதில் ‘இரத்தம் கக்கி’ இறந்தார் என்பதுதான் குடும்பத்தில் மிஞ்சிய தகவல். அதை வைத்து அவருடைய சகோதரிகளுக்கு எதையும் உறுதி செய்ய முடியவில்லை, அண்ணனின் சோதனை வந்த பிறகுதான் தெளிவு வந்தது. ஆகவே பதிவு செய்துள்ள ஒவ்வோர் ஆணின் மரபணு மாற்றமும் அவர் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கருவின் பாலினத்தை அறிவிப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பாலினம் சார்ந்த மரபு நோய்களைக் கண்டறியப் பதிவு பெற்ற மரபியல் மருத்துவமனைகளில் கருநிலைச் சோதனை செய்வதை அனுமதிக்கிறது என்பதையும் அக்குடும்பங்களுக்கு யாராவது அமர்ந்து விளக்க வேண்டும். சட்டம் பற்றிய அச்சத்தால் ஆலோசனை கேட்கவே தயங்குபவர்களை நான் அறிவேன்.

குமரிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்தவர்கள். மாநில எல்லை களியக்காவிளையில் விழுந்த பிறகும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நிற்கவில்லை. விளவங்கோடு, கிள்ளியூர் வட்டத்துக் குடும்பங்களில் அண்ணன் திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறுவார், அக்காள் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டிருப்பார், தங்கை மார்த்தாண்டத்தில் பிரசவத்துக்குச் சேர்வார். ஒருவரின் அறிக்கை மலையாளத்தில் எழுதிய குறிப்போடு ஒரு கோப்பில், இன்னொருவரின் அறிக்கை வேறொரு கோப்பில் கிடக்கும். கேரளத்தில் ஆசாதாரா என்ற பெயரில் இந்நோயாளிகளுக்கான அரசுத் திட்டம் நடக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் வழியே ஃபேக்டர் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரண்டும் நல்லவையே. அக்கரையில் செய்த மரபணுச் சோதனையை இக்கரையில் மறுபடி செய்யச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளவும், குடும்பத்தின் ஒப்புதலோடு கோப்பின் நகலைப் பெற்றுக்கொள்ளவும் இரு பக்க அதிகாரிகளும் ஓர் எளிய ஏற்பாட்டுக்கு வர முடியும். மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் இதை முன்னெடுக்க வேண்டுகிறேன்.

பெண்களைச் சோதிப்பதற்கு எங்கள் வீடுகளிலிருந்தே எதிர்ப்பு வரும் என்பதை மறைக்கப் போவதில்லை. ‘கெட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளைக்கு என்னத்துக்கு இந்த டெஸ்டு?’ என்று என் சித்தியே கேட்டார். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஊரில் ஒரு சொல் பரவினால் வரன் திரும்பிப் போகும். எனவே ஃபேக்டர் அளவையும் மரபணு முடிவையும் இரண்டு தனித்தனிப் பொருள்களாகக் கையாள வேண்டும். ஃபேக்டர் அளவு அந்தப் பெண்ணின் உடல் பாதுகாப்புக்கானது. பூப்பெய்தும் முன்போ எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்போ சிறுமிகளுக்கும் பார்த்துவிட வேண்டும். மரபணு முடிவு அவளுடைய எதிர்காலத் தீர்மானங்களுக்கானது. அவளே புரிந்து ஒப்புக்கொள்ளும் வயதில், அவளிடம் மட்டுமே தரப்பட வேண்டும். பிரசவ வார்டில் பெயர்ப் பலகையிலும், முகாம் பந்தலில் ஒலிபெருக்கியிலும் இது வரக் கூடாது. ஒரு தனி அறையும், பேசத் தெரிந்த ஒரு செவிலியரும் போதும்.

செலவைப் பற்றி ஒன்று. இரத்தம் உறையாமல் போகும் குறைகளைத் தேட ஆளில்லாத அதே ஊரில், இரத்தம் அளவுக்கு மீறி உறையும் பரம்பரைக் குறைகளுக்கான ‘த்ராம்போஃபிலியா தொகுப்பு’ தனியார் ஆய்வகங்களில் தாராளமாக எழுதப்படுகிறது. கர்ப்பத்தில், உறைதலைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் எஸ் இயல்பாகவே குறையும் என்ற நிலையில் கர்ப்பிணிக்கே அதைச் சோதித்து, குறைவு என்று சொல்லி, பயமுறுத்தி அனுப்பியதையும் கண்டிருக்கிறேன். மக்கள் பணம் கொடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள். எதற்குக் கொடுப்பது என்று சொல்ல ஆளில்லை. அரசுத் தரப்பில் பார்த்தாலும், மூளைக் கசிவோடு வரும் ஒரு குழந்தைக்குச் செலுத்தப்படும் ஃபேக்டருக்கு ஆகும் தொகைக்கு எத்தனை பெண்களின் ஃபேக்டர் அளவைப் பார்த்திருக்கலாம் என்பதைத் தங்கள் கணக்குப் பிரிவே சொல்லிவிடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபீலியாவை ஊனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் பலன் குறைந்த ஃபேக்டர் உள்ள பெண்களுக்கும் எந்த அளவில் பொருந்தும் என்பதை மாவட்ட மருத்துவக் குழு தெளிவுபடுத்தினால், சோதனைக்கு வரத் தயங்குபவர்களுக்கு அதுவே ஒரு காரணமாக அமையும்.

ஆகவே, முதல் படியாக மூன்றை மட்டும் வேண்டுகிறேன். ஆசாரிப்பள்ளத்தில் ஹீமோஃபீலியா குடும்பத்துப் பெண்களுக்கென மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அந்த நாளையும் அறை எண்ணையும் தக்கலை, குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி அரசு மருத்துவமனைகளின் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க வேண்டும். ஏற்கெனவே பதிவில் உள்ள ஒவ்வோர் ஆணின் கோப்பிலும் தாய்வழிக் குடும்ப வரைபடத்தை இணைக்கும் பணியை ஒரு செவிலியரிடமோ சமூகப் பணியாளரிடமோ பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும். நீலக் குழாயில் இரத்தம் எடுக்கும் முறையை மாவட்டத்து அரசு ஆய்வகநுட்பநர்கள் அனைவருக்கும் ஒரு நாள் பயிற்சியாக அளித்து, விருப்பமுள்ள தனியார் மையத்தாரையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரைபடம் எழுதும் வேலைக்கு எங்கள் குடும்பத்தின் தகவல்களை முதலாவதாகத் தர அண்ணனும் அம்மாவும் ஒப்புதல் அளித்துள்ளனர். நாள் குறிக்கப்பட்டால், வர இசைந்துள்ள மற்றக் குடும்பத்துப் பெண்களையும் நானே அழைத்து வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த ஆசிரியை